மைனஸ் பன்னிரண்டு எழுத்து

உபுண்டுவில் பைத்தான் வெர்ஷனை மாற்றுவது எப்படி என்று வீடியோ பார்த்துக்கொண்டே இதைப் படிக்கிறவர் யாராவது இருக்கீங்களா? தயவுசெய்து அந்த வீடியோவைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வையுங்க. கடைசியில், 'பழைய பைத்தானை இனிமே ரிமூவ் பண்ணிடலாம் பிரண்ட்ஸ்' என்று ஒரு அண்ணன் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்த இடத்துக்கு மட்டும் போயிடாதீங்க. நான் போனேன். என் லேப்டாப்பில் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அக்காவோட லேப்டாப்பில் போனேன்.

அது கவர்ன்மென்ட் லேப்டாப். 2019ல் அக்கா பிளஸ் டூ முடித்தபோது கிடைத்தது. உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும், தெரியும்தானே? ஆன் பண்ணினால் விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று கேட்கும். எல்லாரும் விண்டோஸைத்தான் தட்டுவோம். பாஸ் என்பது 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம், சென்னை சி-டாக்கில் டெபியனை அடிப்படையாக வைத்துக் கட்டியது, முதல் வெர்ஷன் 2007லேயே வந்துவிட்டது என்பதெல்லாம் காலேஜ் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்த முதல் லினக்ஸை நாங்கள் வருஷக்கணக்கில் திறந்துகூடப் பார்க்கவில்லை. அப்புறம் நான் ஃபர்ஸ்ட் இயர் வந்து, பெரிய ஆளாட்டம் ரெண்டையும் அழித்துவிட்டு உபுண்டு 20.04 போட்டேன். அக்காவிடம் கேட்டுத்தான் போட்டேன். "என் ஃபைல் போகாதுல்ல?" என்று மட்டும் கேட்டாள். போகவில்லை. அதில் வந்த தைரியம்தான் பின்னால் நடந்ததுக்கெல்லாம் காரணம்.

அக்கா எம்.ஏ. தமிழ். 2024 மார்ச்சில் கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட் செய்துகொண்டிருந்தாள். தலைப்பு திருக்கோவையார். எங்கள் ஊரிலிருந்து திருவாதவூர் பக்கம்தான், மாணிக்கவாசகர் பிறந்த ஊர். அதனாலேயே அந்த நூலை எடுத்தாள் என்று நினைக்கிறேன், கேட்டதில்லை. திருக்கோவையாரில் 400 பாட்டு, எல்லாமே கட்டளைக் கலித்துறை. தமிழ் படித்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். எங்களை மாதிரி பிளஸ் டூவோடு யாப்பை மறந்தவர்களுக்கு: கட்டளைக் கலித்துறையில் ஒரு அடி நேரசையில் தொடங்கினால் அந்த அடியில் 16 எழுத்து இருக்க வேண்டும், நிரையசையில் தொடங்கினால் 17. புள்ளி வைத்த மெய்யெழுத்தை எண்ணக் கூடாது. நாலு அடி வீதம் 400 பாட்டு என்றால் 1600 அடி. எந்த அடி கணக்கில் நிற்கிறது, எந்த அடி வழுக்குகிறது, அச்சிலேயோ பதம் பிரித்ததிலேயோ எங்கே எழுத்து கூடியிருக்கிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை.

நூலின் யூனிகோட் வடிவம் மதுரைத் திட்டத்தில் கிடைத்தது. பேர்தான் மதுரை. 1998 பொங்கலன்று ஆரம்பித்து, சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, உலகம் முழுக்க இருந்த தமிழர்கள் சம்பளமில்லாமல் தட்டச்சு செய்து கொடுத்தது. ஒரு கட்டத்தில் டிஸ்கி என்ற எழுத்துமுறையில் போட்டார்கள், பிறகு யூனிகோடுக்கு மாற்றினார்கள். ஒரு காலத்தில் கண்ணால் பார்த்துத் தட்டிய நூல்களை இன்னொரு முறைக்குக் கொண்டுபோவது எவ்வளவு வேலை என்று அப்போது நான் யோசித்ததே இல்லை.

எண்ணுவதற்கு அக்காவிடம் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் இருந்தது. எத்தனையோ வருஷத்துக்கு முன் யாரோ ஒரு சீனியர் எழுதி, ஒவ்வொரு பேட்சாகக் கைமாறி வந்தது. மொத்தம் 40 வரி. பைத்தான் 2. அதற்காகவே உபுண்டுவில் பைத்தான் 2 தனியாகப் போட்டுக் கொடுத்திருந்தேன். ஓடியது. நன்றாகவே ஓடியது. பிரச்சினை அவளுக்கு இல்லை, எனக்குத்தான்.

என் மினி ப்ராஜெக்ட் டீமில் ஒருத்தன் மேட்ச்-கேஸ் போட்டு கோட் எழுதி அனுப்பினான். அது பைத்தான் 3.10ல் வந்த வசதி. உபுண்டு 20.04ல் இருப்பது 3.8. சின்டாக்ஸ் எரர். மொத்த உபுண்டுவையும் 22.04க்கு ஏற்றினால் 3.10 தானாக வரும்தான். ஆனால் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டா பேக்கில் எங்கே ஏற்ற? அதனால் வீடியோ. 3.10ஐத் தனியாக இன்ஸ்டால் செய்தேன். இதுவரைக்கும் தப்பே இல்லை. அடுத்து, 'பைத்தான்3' என்று அடித்தால் 3.8 வராமல் 3.10 வரும்படி இணைப்பை மாற்றினேன். வெர்ஷன் கேட்டேன், 3.10 என்று காட்டியது. சந்தோஷமாக டெர்மினலை மூடினேன்.

மறுபடி டெர்மினல் திறக்கவில்லை.

ஐகானைத் தட்டினால் ஒரு வட்டம் சுத்தும், நின்றுவிடும். எடிட்டருக்குள் இருக்கும் டெர்மினலில் போய் 'சூடோ ஆப்ட் அப்டேட்' போட்டால், 'ஆப்ட்_பிகேஜி' என்ற மாட்யூல் இல்லை என்று சிவப்பாக ஒரு எரர். இருந்த மாட்யூல் எங்கே போகும்? ரெண்டு வெர்ஷன் சண்டை போடுகிறது போல, பழசை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று எனக்கே ஒரு லாஜிக் தோன்றியது. வீடியோ அண்ணனும் அதைத்தானே சொன்னார். 3.8ஐ ரிமூவ் செய் என்றேன். அது ஒரு பட்டியல் போட்டது பாருங்க! ஒரு பக்கம் தாண்டி ஓடியது. 'உபுண்டு-டெஸ்க்டாப்' என்று நடுவில் ஒரு பெயர் வந்ததுகூடக் கண்ணில் பட்டது. தொடரவா என்று கேட்டது. ஒய் அடித்தேன். முடிந்ததும் ரீஸ்டார்ட்.

கறுப்புத் திரை. இடது மேல் மூலையில் வெள்ளையாக 'லாகின்'. அவ்ளோதான். சப்மிஷனுக்கு ஒன்பது நாள்.

என்ன நடந்தது என்று இப்போது சொல்கிறேன், இதைத் தெரிந்துகொண்டால் நீங்கள் இந்தக் குழியில் விழ மாட்டீர்கள். உங்கள் லினக்ஸில் இருக்கும் பைத்தான் உங்களுக்காக மட்டும் வைத்தது இல்லை. அந்த சிஸ்டமே தன் வேலைக்காக வைத்திருப்பது. உபுண்டுவில் டெர்மினலைத் திறந்துவிடும் சின்ன ஸ்கிரிப்ட் பைத்தான். இல்லாத கமாண்டை அடித்தால் 'இதை இன்ஸ்டால் பண்ணுங்க' என்று சொல்வதும் பைத்தான். ஆப்டைச் சுற்றி நிற்கும் பல உதவி ப்ரோகிராம்களும் பைத்தான். இவையெல்லாம் கூப்பிடுவது 'பைத்தான்3' என்ற பெயரை. அந்தப் பெயருக்குப் பின்னால் 3.8 நிற்கிறது என்று நம்பித்தான் அவற்றைக் கட்டியிருக்கிறார்கள்.

நம்பி என்றால் சும்மா இல்லை. பைத்தானிலேயே எழுதிய மாட்யூலாக இருந்தால் பெரும்பாலும் எந்த 3.எக்ஸிலும் ஓடிவிடும். ஆனால் வேகத்துக்காகவோ வேறு லைப்ரரியோடு பேசுவதற்காகவோ சி, சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் எழுதிக் கம்பைல் செய்த மாட்யூல்கள் இருக்கின்றன. அவற்றின் ஃபைல் பெயரிலேயே 'சிபைத்தான்-38' என்று ஒரு முத்திரை இருக்கும். 3.10 வந்து தேடும்போது 'சிபைத்தான்-310' முத்திரை உள்ள ஃபைலைத்தான் தேடும். பக்கத்திலேயே 38 உட்கார்ந்திருந்தாலும் அதைத் தொடாது. ஏன் தொடக் கூடாது? உள்ளே நினைவகத்தில் பொருள்களை அடுக்கும் விதம் வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறும். தொட்டால் இன்னும் மோசமாக உடையும். அதனால் 'இல்லை' என்று சொல்லிவிடுகிறது. ஆப்ட்_பிகேஜி காணாமல் போகவில்லை. வேற ரூட் பஸ்ஸுக்கு வைத்திருந்த பாஸை நான் நீட்டினேன், கண்டக்டர் இறக்கி விட்டுட்டார்.

அப்படியானால் உபுண்டுவும் டெபியனும் எப்படி 3.8லிருந்து 3.10க்கு, 3.11க்குப் போகிறார்கள்? இதை அன்று ராத்திரி யோசிக்கவில்லை, அன்று அழுகைதான் வந்தது. பிறகு படித்தேன். படித்ததும் நான் செய்த காரியத்தின் முழு முட்டாள்தனமும் புரிந்தது.

டெபியனில் இதற்கு டிரான்ஸிஷன் என்று பெயர். ஒரே நாளில் இணைப்பை மாற்றுவது கிடையாது. முதலில் புது வெர்ஷனைக் கொண்டுவந்து பழசுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். டீஃபால்ட் இன்னும் பழசுதான். பிறகு முத்திரை உள்ள ஒவ்வொரு பேக்கேஜையும் ரெண்டு பைத்தானுக்கும் சேர்த்து மறுபடி கம்பைல் செய்வார்கள். ஒரே பேக்கேஜுக்குள் பழசுக்கு ஒரு ஃபைல், புதுசுக்கு ஒரு ஃபைல். இதில் எது கம்பைல் ஆகவில்லையோ, எதன் டெஸ்ட் தோற்கிறதோ அதற்கு பக் எழுதுவார்கள். அதைப் பராமரிக்கிறவர் திருத்த வேண்டும். அவர் பரீட்சைக்குப் போயிருக்கலாம், குழந்தை பிறந்திருக்கலாம், சலித்துப்போய் நாலு வருஷம் முன்பே விட்டிருக்கலாம். அப்போது வேறு யாராவது உட்கார்ந்து திருத்துவார்கள். ஓரளவு தேறிய பிறகுதான் டீஃபால்ட் மாறும். கடைசியாக, எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்றதும் பழசை எடுத்துவிட்டு இன்னொரு ரவுண்டு கம்பைல். பழைய வீட்டை இடிக்காமல், பக்கத்து மனையில் புது வீடு கட்டி, பாத்திரம் பண்டத்தை ஒவ்வொன்றாக மாற்றி, பாட்டியும் வந்து படுத்த பிறகு பழைய வீட்டைத் தொடுவது மாதிரி. நான் செய்தது பாட்டி உள்ளே படுத்திருக்கும்போதே கூரையைப் பிரித்தது.

ஃபெடோராவில் வேறு வழி. தனியாக ஒரு அறையில் ஆயிரக்கணக்கான பேக்கேஜை மொத்தமாகப் புது பைத்தானில் கட்டி, தேறியதும் ஒரே மூச்சில் வெளியே கொண்டுவருவார்கள். ஆர்ச் லினக்ஸோ, 'பைத்தான்' என்ற பெயரையே 2010லேயே பைத்தான் 3க்கு எழுதிக் கொடுத்துவிட்டது. ஊரே பைத்தான் 2ல் இருந்த காலம் அது. ஆர்ச்காரர்கள் அப்படித்தான்.

பைத்தான் 3.9லிருந்து ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் வாக்கில் ஒரு புது வெர்ஷன் வருகிறது. ஒவ்வொன்றும் எதையாவது கழற்றிவிட்டுத்தான் வருகிறது. 3.12ல் டிஸ்ட்யூடில்ஸ் போய்விட்டது, அதை நம்பி இருபது வருஷமாகச் செட்டப் ஃபைல் எழுதியவர்கள் எத்தனையோ பேர். 3.13ல் சிஜிஐ, டெல்நெட்லிப், கிரிப்ட் என்று ஒரு வரிசையே போய்விட்டது. பைத்தான் ரிலீஸ் ஆன அன்று நாம் ஸ்டேட்டஸ் போட்டுக் கொண்டாடுகிறோம். டிஸ்ட்ரிபியூஷன் நடத்துகிறவர்களுக்கு வேலை அன்றுதான் ஆரம்பிக்கிறது. இவர்கள் யாரோ எங்கேயோ இல்லை. 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் மினி டெப்கான்ஃப் நடந்தது. அதே வருஷம் செப்டம்பரில் டெபியனின் உலக மாநாடே கொச்சியில் நடந்தது. மதுரையிலிருந்து ஒரு ராத்திரி பயணம். எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது.

சரி, கதைக்கு வருவோம். அக்காவிடம் சொல்ல வேண்டும். காலையில் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கறுப்புத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஃபைல் எல்லாம் உள்ள இருக்கா?" என்றாள். இருக்கு, ஹோம் ஃபோல்டரில் ஒன்றும் ஆகலை என்றேன். "எண்ணுற ப்ரோகிராம்?" "ஃபைல் இருக்குக்கா, ஓட்டத்தான்..." அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. அம்மாதான் அடுப்படியிலிருந்து, "என்னடா பண்ணி வச்ச?" என்று மூணு தரம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அன்றே டவுன்ஹால் ரோட்டுக்குப் போய் ஒரு பென்டிரைவ் வாங்கினேன். காலேஜ் ஹாஸ்டல் பசங்களிடம் டெபியன் 12 இறக்கி, அதை லைவாக ஓட்டி, அக்கா ஃபைல்களை எல்லாம் நண்பனின் ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். டெபியன் 12க்கு 'புக்வோர்ம்' என்று பெயர், 2023 ஜூன் 10ல் வந்தது. மொத்தம் 64,419 பேக்கேஜ் என்று அறிவிப்பில் எழுதியிருந்தார்கள். எண்ணிக்கையைப் பார்த்ததும், ஒரு டீஃபால்ட்டை மாற்ற ஏன் மாதக்கணக்கில் ஆகிறது என்பது புரியும். வைஃபை முதல் தடவையே வேலை செய்தது. பைத்தான் 3.11. பிப்பில் ஏதோ இன்ஸ்டால் செய்யப் போனால், 'இது வெளியில் நிர்வகிக்கப்படும் இடம், கை வைக்காதே, தனியா வென்வ் போட்டுக்கோ' என்கிற அர்த்தத்தில் ஒரு எரர். மீறித்தான் செய்வேன் என்றால் ஒரு ஃப்ளாக் இருக்கிறது. அதன் பெயரே 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்'. போன வாரம் வரைக்கும் இருந்த நானாக இருந்தால் இதைப் பார்த்துத் திட்டியிருப்பேன். அன்று பேசாமல் வென்வ் போட்டேன்.

அடுத்து பைத்தான் 2. 'ஆப்ட் இன்ஸ்டால்' என்றேன். அப்படி ஒரு பேக்கேஜே இல்லை என்றது. புக்வோர்மிலிருந்து பைத்தான் 2ஐ முழுசாக எடுத்துவிட்டார்கள். எடுத்ததும் திடீரென்று இல்லை. பைத்தான் 3.0 வந்தது 2008 டிசம்பரில். பழசை 2015ல் நிறுத்துவதாகச் சொல்லி, யாரும் நகரவில்லை என்று 2020 ஜனவரி 1க்குத் தள்ளிப் போட்டார்கள். கடைசி வெளியீடான 2.7.18 அந்த வருஷம் ஏப்ரலில் வந்தது. பதினோரு வருஷத்துக்கு மேல் அவகாசம். எங்கள் சீனியரின் 40 வரி மட்டும் அந்தச் சேதி எட்டாமல் பேட்ச் பேட்சாகப் போய்க்கொண்டிருந்தது. (நான் அழித்த உபுண்டுவின் கறுப்புத் திரையிலேயே பைத்தான் 2 உயிரோடுதான் இருந்திருக்கும், அதிலேயே ஓட்டியிருக்கலாம் என்பது ஒரு மாசம் கழித்துத்தான் உறைத்தது. சோர்ஸிலிருந்து கம்பைல் செய்யலாம் என்று ஒருத்தன் சொன்னான். இன்னொரு வீடியோ பார்த்து எதையாவது தொட எனக்குத் தைரியம் இல்லை.)

பைத்தான் 3க்கு மாற்றிவிடலாம், 40 வரிதானே என்று உட்கார்ந்தேன். பிரின்ட்டுக்கு அடைப்புக்குறி போடவில்லை என்று முதல் எரர். அதை எப்படித் திருத்துவது என்று எரரே சொல்லிக் கொடுத்தது. அஞ்சு இடத்தில் போட்டேன். ஓடியது! ஒரு அடிக்கு விடை: மைனஸ் 12.

திருக்கோவையாரின் ஒரு அடியில் மைனஸ் பன்னிரண்டு எழுத்து. இன்னொரு அடி மைனஸ் 11.67. மாணிக்கவாசகர் கடன் வாங்கித்தான் பாடியிருக்கிறார்.

இந்தக் கோளாறை நீங்களே கண்டுபிடிக்கலாம், பாருங்க. 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? தொல்காப்பியரைக் கேட்டால் 3. யூனிகோடில் அது த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி என்று 5 குறியீடு. யூடிஎஃப்-8ல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15. பைத்தான் 2ல் சும்மா ஒரு ஸ்ட்ரிங்கின் நீளம் கேட்டால் அது பைட்டை எண்ணி 15 என்று சொல்லும். சீனியருக்கு இது தெரிந்திருக்கிறது. அதனால் நீளத்தை 3ஆல் வகுத்தார், 5 வந்தது. அதில் கொம்பு, கால் ஒவ்வொன்றுக்கும் ஒன்று கழித்தார். புள்ளி ஒவ்வொன்றுக்கும் ரெண்டு கழித்தார், ஏன்னா மெய்யும் போக வேண்டும், அதன் புள்ளியும் போக வேண்டும். 5இல் 1 போய், 2 போய், 2. மெய் நீங்கலாகத் 'தமிழ்' 2 எழுத்து. சரியான விடை! அவர் யார் என்று தெரியாது, ஆனால் மண்டைக்காரர்.

பைத்தான் 3ல் ஸ்ட்ரிங் என்றால் பைட் இல்லை, யூனிகோட் குறியீடு. நீளம் கேட்டாலே 5 என்றுதான் சொல்லும். அதைப் போய் மறுபடி 3ஆல் வகுத்தால்? அதுவும் பைத்தான் 2ல் முழு எண்ணை வகுத்தால் முழு எண் வரும், 3ல் தசமம் வரும். 5ஐ 3ஆல் வகுத்து 3ஐக் கழித்தால் மைனஸ் 1.33. 'தமிழ்'இல் மைனஸ் ஒன்றே காலே சொச்சம் எழுத்து. எந்த எரரும் இல்லை. ப்ரோகிராம் சிரித்த முகத்தோடு ஓடி முடிந்தது. பிரின்ட் எரர் நல்லவன், முகத்துக்கு நேரா சொல்லிட்டான். இவன்தான் பயங்கரமானவன். 2டு3 என்று தானாக மாற்றிக் கொடுக்கும் கருவியும் ஒன்று உண்டு. அதுவும் இந்த வகுத்தலைத் தொடாது, ஏன்னா எழுதினவர் மனசில் என்ன இருந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்?

பைத்தான் 2, 3 பிரச்சினையைப் பற்றி நெட்டில் படித்தால், 'பிரின்ட்டுக்கு அடைப்புக்குறி போட வைக்கவா இவ்வளவு பாடு' என்று நக்கல் நிறைய இருக்கும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறவருக்கு ஒரு எழுத்து என்றால் ஒரு பைட். அவருக்கு அந்த மாற்றம் வெட்டித் தொல்லைதான். நமக்கு அப்படி இல்லை. 15 என்று சொல்லிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் 5 என்று சொல்ல ஆரம்பித்ததே அந்த மாற்றத்தில்தான். 5லிருந்து 3க்கு வர இன்னும் ஒரு படி வேண்டும். அதற்கு முத்து அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் லைப்ரரி இருக்கிறது. சொல்லைக் கொடுத்தால் த, மி, ழ் என்று மூன்றாகப் பிரித்துக் கொடுத்துவிடும். தமிழில் எழில் என்று ஒரு நிரல்மொழியே செய்தவர் அவர். வென்வுக்குள் அதை இறக்கி, வகுத்தலையும் கழித்தலையும் தூக்கிப் போட்டுவிட்டு, பிரிந்து வரும் எழுத்துகளில் புள்ளியில் முடிவதை மட்டும் விட்டுவிட்டு எண்ணச் சொன்னேன். 40 வரி 15 வரி ஆனது. மைனஸ் 12 வந்த அடிக்கு 16 என்று வந்தது.

ஆனால் 16 என்று வந்துவிட்டால் சரி என்று எப்படித் தெரியும்? மைனஸ் 12 வந்தபோதும் ஓடத்தானே செய்தது.

இங்கேதான் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பென்டிரைவும் கையுமாக அலைந்த மூணு நாளில் அக்கா சும்மா இல்லை. லேப்டாப் வராது என்றே முடிவு செய்துவிட்டாள். ஒரு லாங் சைஸ் நோட்டில் ஒவ்வொரு அடியாக எழுதி, மெய்யெழுத்தை எல்லாம் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு, மீதியை விரல் விட்டு எண்ணி ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். திண்ணையில் உட்கார்ந்து, ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும். 47 பாட்டு முடித்திருந்தாள். 188 அடி. அதில் நான் ஒரு வார்த்தை பேச முடியாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்த ராத்திரியும் ஒன்று உண்டு.

அந்த நோட்டைக் கேட்டேன். 188 விடையையும் ஒரு ஃபைலில் தட்டி, ப்ரோகிராமின் விடையோடு ஒப்பிட்டேன். 183 பொருந்தியது. அஞ்சு பொருந்தவில்லை. அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அஞ்சையும் ஒவ்வொன்றாக எடுத்தோம். மூன்று அவள் தூக்கக் கலக்கத்தில் விட்டது. ரெண்டில் இறக்கிய பிரதியில் பதம் பிரித்துப் போட்டதால் ஒரு எழுத்து கூடியிருந்தது. அவள் கையில் வைத்திருந்த அச்சுப் பிரதியில் சேர்ந்தே இருந்தது. அவளுக்கு அதில் ஒரே சந்தோஷம், ப்ராஜெக்ட்டில் தனி அத்தியாயமே அதைப் பற்றித்தான்.

அப்புறம் திடீரென்று, "ஆய்தத்தை உன் ப்ரோகிராம் என்ன பண்ணுது?" என்று கேட்டாள். நான் முழித்தேன். 'அஃது' என்று தட்டிப் பார்த்தோம். 3 என்றது. "தப்பு. ஆய்தமும் ஒத்து மாதிரிதான், எண்ணக் கூடாது. 2 வரணும்." ஆய்தத்துக்குப் புள்ளிக் குறியீடு கிடையாதே, அதனால் என் கோட் அதை விடவில்லை. சீனியரின் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தோம். 12 பைட், வகுத்தால் 4, உகரத்துக்கு ஒன்று போக 3. அவருடையதும் தப்பு. இத்தனை பேட்ச் கைமாறி வந்த ஸ்கிரிப்ட்டில் இத்தனை வருஷமும் அந்தத் தப்பு இருந்திருக்கிறது. நான் லேப்டாப்பை உடைக்காமல் இருந்திருந்தால் அது இன்னும் இருந்திருக்கும் என்று அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் முறைத்தாள்.

ஒரு வரி சேர்த்தேன். 1600 அடியும் நாலு செகண்டில் எண்ணி முடிந்தது. அன்று ராத்திரி அக்கா சீக்கிரம் தூங்கினாள். சப்மிஷனுக்கு ரெண்டு நாள் முன்னதாக பைண்டிங்குக்குக் கொடுத்தாள்.

டெபியன் 13 'ட்ரிக்சி' 2025 ஆகஸ்ட் 9ல் வந்தது, பைத்தான் 3.13ஓடு. நான் இப்போது ஃபைனல் இயர், அக்கா பி.எட். லேப்டாப் என்னிடம்தான் இருக்கிறது, ஆனாலும் அவளுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் ஏற்றினேன். முதலில் ஃபைலை எல்லாம் ரெண்டு இடத்தில் எடுத்து வைத்தேன். ஏற்றி முடித்ததும் டெர்மினல் திறந்தது, ஆப்ட் ஓடியது. உடைந்தது ஒன்றே ஒன்று, என் வென்வ். அது 3.11ஐக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தது, 3.11 இப்போது இல்லை. இது எதிர்பார்த்ததுதான், நீங்களும் எதிர்பாருங்க. வென்வைக் காப்பாற்ற முயற்சி செய்யாதீங்க, அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்க. எது எது இன்ஸ்டால் செய்தோம் என்று ஒரு ஃபைலில் எழுதி வைத்திருந்தால் அஞ்சு நிமிஷ வேலை.

ஓப்பன்-தமிழைப் புது வென்வில் இறக்கி, அக்காவின் 188 அடியை ஓட்டினேன். திருத்திய விடைகளோடு 188ம் பொருந்தியது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். ரெண்டு நீல டிக் வந்து பத்து நிமிஷம் பதிலே இல்லை. பிறகு ஒரு வாய்ஸ் மெசேஜ். பின்னால் மாட்டுத்தாவணி பஸ் சத்தம்.

"டேய், கந்தரலங்காரமும் கட்டளைக் கலித்துறைதான். அதையும் ஒரு தடவை ஓட்டிப் பாக்குறியா? முதல் இருபது பாட்டு நான் கையில எண்ணி அனுப்புறேன்."